டைம்கீப்பர் வீட்டு வெந்நீர்

டைம்கீப்பர் தலை குனிந்து நடந்து அந்த பஸ் டிப்போவில் யாரும் பார்த்ததில்லை. தலை குனிய வேண்டியவர்கள் டிரைவர்களும் கண்டக்டர்களும்தான். வாசலை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் மேஜை, மேஜைமேல் நேரப் பதிவுத் தாள், கூராகச் சீவிய பென்சில். வண்டியை எடுக்கத் தாமதமாக வரும் டிரைவரை அவர் திட்டமாட்டார். கைக்கடிகாரத்தை ஒரு பார்வை, அவன் முகத்தை ஒரு பார்வை. "ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு பதில் வரும்வரை பென்சிலைப் பிடித்தபடி பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே பல பேர் பல் துலக்காமல் ஓடி வந்திருக்கிறார்கள்.

வேலையில் பிடித்த குணம் என்பது சட்டையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வரக்கூடிய சமாச்சாரம் இல்லை. அது அவரோடு வீட்டுக்கும் வந்தது. ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடினால், "யார் கடைசியா வெளிய வந்தது?" என்பார். குரல் உயராது. கை ஓங்கியதே கிடையாது. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி மனைவி யாரிடம் போய் என்ன குறை சொல்லிவிட முடியும்? கேட்டுவிட்டு நிற்கிறார் என்றா?

அப்படிப்பட்டவர் இப்போது டிப்போவுக்குள் சுவரை ஒட்டி ஒட்டி நடக்கிறார். ஹார்ன் அடித்தால் திடுக்கிடுகிறார். எல்லாம் ஒரு ஹீட்டரால் வந்தது. ஹீட்டரால் வந்தது என்று அவரும் முதலில் சொல்லிப் பார்த்தார், பாவம்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தான். கம்பெனியை இழுத்து மூடினார்கள். மனைவியையும் சின்னப் பெண்ணையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஹாலில் படுக்கை. பொழுது விடியுமுன் பாயைச் சுருட்டி, அங்கே ஒருவன் படுத்திருந்த அடையாளமே தெரியாமல் செய்துவிடுவான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இப்பத்தானே சாப்பிட்டேன்" என்பான். கேஸ் சிலிண்டர் தூக்குவது, காய்கறி வாங்குவது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எல்லாம் சொல்லாமலே நடந்தன. அடுத்தவர் வீட்டில் அண்டி இருக்கிறவனுக்குத் தெரியும், தன் உடம்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறதென்று.

டைம்கீப்பருக்கு மச்சினனை உண்மையாகவே பிடித்திருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்மேல் பழி போடுவதாக ஆகிவிடும். டிப்போவில் உதிரிப் பாகங்கள் வைக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும், கிளை மேனேஜர் அம்மாவிடம் போய் நின்றார்.

"என் மச்சினன் மேடம். ஸ்டோர் சாவியை அவன் கையில குடுத்துட்டு நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"நீங்க சொன்னா சரி. நீங்க யாருக்காகவும் வந்து நின்னதில்லையே" என்றார் மேனேஜர்.

அன்று மச்சினன் ஹாலில் உட்கார்ந்து போனில் தன் பெண்ணோடு பேசினான். "வீடு பார்த்துட்டு உன்னையும் அம்மாவையும் கூட்டிட்டு வந்துடுவேண்டா தங்கம்" என்றான். டைம்கீப்பர் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அதைக் கேட்டார். நெஞ்சு நிறைந்திருந்தது.

வீட்டில் ஆள் கூடினால் மின்கட்டணமும் கூடும். அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர். மச்சினன் மனம் நோகக் கூடாது. ஆனால் பில் கையில் இருந்தது, மனம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு அறையாக நின்று யோசித்தார். குளியலறையில் போய் நின்றதும் புரிந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருக்கும் ஹீட்டர் நாள் முழுக்கச் சுவிட்ச் போட்டபடியே கிடந்தது. யாரும் குளிக்காத நேரத்திலும் தண்ணீர் ஆறும், அது மறுபடி காய்ச்சும், மறுபடி ஆறும். யாருக்காகக் காய்ச்சுகிறோம் என்று அதற்கே தெரியாது.

எலக்ட்ரிக் சாமான் கடைக்குப் போய் ஒரு டைமர் வாங்கி வந்தார். கடிகாரம்போல் வட்டத் தட்டு, தட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள். எந்த நேரத்தில் ஹீட்டர் ஓட வேண்டுமோ அந்த நேரத்துக்கான பற்களை அமுக்கி வைத்தால் போதும். தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், நேரம் வந்ததும் ஹீட்டரைப் போடும், நேரம் முடிந்ததும் அணைக்கும். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி ஆறுக்குள் முடியும்படி அமுக்கினார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தட்டைத் திருப்பி நேரம் வைத்தபோது, இத்தனை நாள் இந்த வீட்டில் தனக்குத் துணையில்லாமல் இருந்தோமே என்று தோன்றியது.

அதை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே, "சார், இது பேட்டரி இல்லாத டைப். கரண்ட் போய் வந்தா ஒரு தடவை நேரத்தை..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி, நேரத்தைப் பத்தி எனக்கு நீங்க சொல்லணுமா? நான் யாருன்னு டிப்போவுல போய்க் கேட்டுப் பாருங்க."

எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நமக்கென்ன வந்தது என்று நினைத்திருப்பார்.

அதோடு விடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் ஸ்டூல் போட்டு ஏறி, ஹீட்டர் தொட்டியைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஃபோம் ஷீட்டைச் சுற்றினார். கீழே அழுத்தம் வெளியேறும் வால்வை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடி, டேப் போட்டு ஒட்டினார். சிவப்பு விளக்குகூட உள்ளே போய்விட்டது. வெந்நீர்க் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை. மனைவி கதவருகே நின்று பார்த்தாள்.

"ஸ்வெட்டர், ஸ்கார்ஃப் எல்லாம் ஆச்சு. தொப்பி ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அந்த வீட்டில் அபூர்வமாக எல்லோரும் சேர்ந்து சிரித்த நேரம் அது.

கடைசியாக டைமருக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போட்டு, பூட்டுப் போட்டார். அவர் வைத்த நேரத்தில் யார் கையும் படக்கூடாது. ஒரு சாவி அவர் சட்டைப் பையில். இன்னொன்றை மனைவியிடம் கொடுத்து, "பீரோவுல வை. யாருக்கும் குடுக்காத" என்றார்.

அடுத்த பில் குறைந்து வந்தது. அவ்வளவுதான், மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சலூனில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், டிப்போவில் வண்டி நிற்கும் நேரத்திலெல்லாம் சொன்னார். "காய்ச்சுறது முக்கியமில்ல, காய்ச்சினதைக் காப்பாத்தறதுதான் முக்கியம்" என்று கண்டக்டர்களுக்கு வகுப்பெடுத்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தன் வீட்டிலும் ஃபோம் சுற்றினார். டைம்கீப்பர் அதையும் போய்ப் பார்த்து, டேப் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு தெருவை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். மின்கம்பங்களை இடம் மாற்றியதில் பகலில் அடிக்கடி கரண்ட் போனது. பகலில் அவர் டிப்போவில். மனைவி மழலையர் பள்ளி ஒன்றில் ஆயா, மதியம்தான் வீடு திரும்புவாள். வேர்த்து வழிந்துகொண்டு வீட்டில் இருந்தவன் மச்சினன் மட்டும்தான். அவன் அதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அடுத்த பில் ஏறிவிட்டது. ஏறியது அதிகமில்லை. ஆனால் ஊரெல்லாம் வகுப்பெடுத்தவருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. டைமர் இருக்கிறது, உறை இருக்கிறது, பூட்டு இருக்கிறது. பிறகு எப்படி? அவர் எதையும் சந்தேகப்படலாம், தன் ஏற்பாட்டை மட்டும் சந்தேகப்படத் தெரியாது. அப்படியானால் மிச்சம் இருப்பது மனிதர்கள்தானே.

ஒரு நாள் டிப்போவில் காய்ச்சலடித்து, பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். மத்தியான வெயில். மச்சினன் அப்போதுதான் துணி துவைத்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தான். டைம்கீப்பர் முகம் கழுவப் போய், தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தாலும் போதும் என்று வெந்நீர்க் குழாயைத் திறந்தார். ஆவி பறந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"யார் ஹீட்டர் போட்டது?"

"நான் போடல மாமா. பச்சைத் தண்ணியிலதான் குளிச்சேன்."

"தொட்டுப் பாரு மாப்ள."

மச்சினன் தொட்டுப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. "சுடுதுதான். எப்படின்னு தெரியலியே மாமா."

அந்த நேரம் பார்த்து மனைவி பள்ளியிலிருந்து உள்ளே நுழைந்தாள். தோளில் பை, கையில் குடை. டைம்கீப்பர் அவள் பக்கம் திரும்பினார்.

"சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"பீரோவுலதான் இருக்கு. ஏங்க, உடம்பு சரியில்லையா? கண்ணெல்லாம் சிவந்திருக்கு."

"பீரோ சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"அப்ப நீதான் எடுத்துக் குடுத்திருக்க. அடுத்தவன் தலையில மிளகா அரைக்கறதுக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்துட்டீங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க. காலையிலகூடத் தண்ணி சரியா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. குடுத்தியா, இல்லியா?"

கேட்டுவிட்டு நின்றார். காய்ச்சலில் உடம்பு கொதித்தது, ஆனாலும் உட்காரவில்லை. அவள் பையை இறக்கி வைக்கவும் மறந்து, குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். இல்லை என்று அவளால் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவர் அப்படி நிற்கும்போது உண்மை பேசுகிறவனுக்கே வாய் குழறும். அது டிரைவர்களுக்குத் தெரியும், அவளுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும்.

மச்சினன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அக்காவைக் கேக்காதீங்க மாமா. நான்தான். ராத்திரி உங்க சட்டைப் பையிலேர்ந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். உடம்பு வலியா இருந்துச்சு. அக்காவுக்கு எதுவும் தெரியாது."

"அப்படி வா வழிக்கு" என்றார் டைம்கீப்பர். "வெந்நீர் பெரிசில்ல மாப்ள. கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன். எடுத்தது தப்பு." கணக்கு நேரானதில் அவருக்கு நிம்மதி. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார், நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் பின்னாளில் அவருக்கு உடம்பு கூசியது.

காய்ச்சல் விட்டதும் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நேர்மை என்றால் சொந்தம் பந்தம் பார்க்கக்கூடாது அல்லவா?

"ஸ்டோர் சாவி விஷயத்துல என் மச்சினனுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது மேடம். வீட்டுலயே சாவியைக் கேக்காம எடுத்திருக்கான். அவனே ஒத்துக்கிட்டான்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "சொந்தக்காரர்னு மூடி மறைக்காம வந்து சொன்னீங்களே" என்றார். பக்கத்து மேஜை கிளார்க்கும் அதைக் கேட்டார். டைம்கீப்பர் முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட செய்திக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. சில நாளில் மச்சினன் பையை எடுத்துக்கொண்டான். சந்தைப் பக்கம் கூட்டாளி ஒருவனின் அறையில் இடம் இருக்கிறது என்றான். "வரேன்க்கா. வரேன் மாமா" என்றான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, அதனால் டைம்கீப்பரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி வாசல்வரை போனாள். திரும்பி வந்தவள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள்.

அடுத்த வாரம், அவருக்கு ஓய்வு நாள். மனைவி பள்ளிக்குப் போயிருந்தாள். டைம்கீப்பர் தனியாக உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குளியலறைப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம்.

எழுந்து போனார். யாரும் இல்லை. கொஞ்சம் பொறுத்து வெந்நீர்க் குழாயைத் திறந்தார். முதலில் வெதுவெதுப்பு, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சூடு. கால் மணி கழித்துத் திறந்தால் கை வைக்க முடியவில்லை. அப்போதும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தார். மச்சினன் அந்த வழியாக வந்திருப்பானோ என்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தால் தனியாக இருக்கும்போதுகூட முகத்தைக் கையால் மூடிக்கொள்கிறார்.

தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். மாட்டிய நாளுக்குப் பிறகு அன்றுதான் திறக்கிறார். டைமர் தட்டு விடியற்காலை நாலே முக்கால் என்று காட்டியது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம். ஒரு கணம் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார், காதருகே வைத்துக் கேட்டார். பிறகு சுவிட்சை அணைத்துப் பார்த்தார். தட்டு நின்றது. போட்டார். விட்ட இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காததுபோல் சுற்ற ஆரம்பித்தது. தெருவில் கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் இதுவும் நின்றிருக்கிறது. ஒரு நாள் அரை மணி, ஒரு நாள் இரண்டு மணி. சேர்ந்து சேர்ந்து, விடியற்காலையைக் கொண்டுவந்து உச்சிவெயிலில் நிறுத்தியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் பாதியில் விட்ட வாக்கியம் இப்போது அவருக்கு முழுதாகக் கேட்டது.

நிமிடத்துக்காக ஊரை விரட்டியவர், தன் வீட்டுக்குள் ஏழு மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறார். அதற்குப் பூட்டு வேறு. அதை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவரை உறுத்தியது வேறொன்று. இந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. மச்சினன் சாவியை எடுக்கவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மனைவி வந்தபோது பெட்டி திறந்தபடியே கிடந்தது, அவர் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சொன்னார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப காலையில எனக்கு எப்படி நல்ல சூடா தண்ணி வந்துச்சு? மத்தியானம் காய்ச்சினது அவ்வளவு நேரம் நிக்காதே. ஃபோம் போட்டாலும் வெதுவெதுன்னுதானே இருக்கும்?" என்று கேட்டார்.

"வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

"எனக்குச் சுட்டுச்சே?"

"நீங்க ஷேவ் பண்ணும்போது கரண்ட் அடுப்புல ஒரு குண்டான் காய்ச்சி வாளியில ஊத்திடுவேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

பில் ஏறிய காரணம் அதுதான். அது ஒரு நொடியில் புரிந்தது. மற்றது புரிய நேரமானது.

"தண்ணி சுடலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, யார் தண்ணியை எடுத்ததுன்னு கேப்பீங்க. கேட்டுட்டு நிப்பீங்க. எங்க ரெண்டு பேர்ல யாரைச் சொல்றது? குண்டான் காய்ச்சறது சுலபம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழாய் ஒழுகுகிறது, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஏதாவது பதில் கிடைத்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் தான் குளித்த வெந்நீர், சாப்பிட்ட சோறு, கேட்ட பதில் இவற்றில் எதெல்லாம் பயத்தில் காய்ந்தது, எது தானாகக் காய்ந்தது என்று அவருக்கு இனிமேல் எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலமே சந்தைப் பக்கம் போனார். இரும்பு மாடிப்படி, படிக்கு மேலே மூன்று பேர் படுக்கும் அறை. மச்சினன் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. பிறகு தான் நிற்கிறோம் என்பது உறைத்து, சட்டென்று உட்கார்ந்தார்.

"டைமர் பின்தங்கிப் போயிருக்கு மாப்ள. கரண்ட் போனப்பெல்லாம் நின்னிருக்கு. நீ எதையும் தொடல."

"தொடலதான் மாமா."

"அப்புறம் ஏம்ப்பா ஒத்துக்கிட்ட?"

அவன் ஊசியில் நூலைச் சுற்றினான். "அக்கா குடையைக் கை மாத்திக்கிட்டே இருந்தா. நீங்க நிறுத்தற மாதிரி தெரியல. நான் எப்படியும் போகப் போறவன், அக்கா அங்கயே இருக்கணுமே. வேலைக்கு அது குறுக்க வரும்னு நான் நினைக்கல."

"என்னை மன்னிச்சிடு" என்றார். இந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. அது எந்தத் தொனியில் வெளியே வரவேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஏதோ உத்தரவு போடுவதுபோல் வந்துவிட்டது. கூனிக் குறுகிப் போனார்.

"பரவாயில்ல மாமா, விடுங்க."

"நாளைக்கு என்கூட வா. மேனேஜர்கிட்ட நீயே விஷயத்தைச் சொல்லு."

"நான் வரல. நான் திருடலைன்னு நானே போய்ச் சொன்னா யார் நம்புவாங்க? நீங்க சொன்னதுதானே. நீங்களே போய்ச் சொல்லுங்க." அவன் குரலில் மரியாதை குறையவில்லை. "பொண்ணு தினமும் கேக்கறா, எப்பப்பா வருவேன்னு. அவகிட்ட ஒண்ணும் சொல்லாம வச்சிருக்கேன்."

மறுநாள் டிப்போவுக்குள் நுழைந்ததும் கிளார்க் சொன்ன செய்தி காலை வாரியது. ஸ்டோருக்கு வேறொருவரைப் பார்த்தாகிவிட்டது, அன்று மாலை மேனேஜர் கையெழுத்துப் போடப் போகிறார். டைம்கீப்பர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று காலையிலிருந்து நினைத்திருந்தார். அதற்கு இனி வழியில்லை. அறையில் கிளார்க் இருந்தார், லீவு கேட்டு வந்த இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். அவரைக் கண்டதும் டிரைவர்கள் வழக்கம்போல் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள்.

"மேடம், என் மச்சினன் விஷயம். நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அவன் சாவியை எடுக்கல." ஹீட்டரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். டைமர் நின்றதையும், தான் பெட்டியைத் திறந்தே பார்க்காததையும் சொன்னார். ஒரு டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஒரு வண்டி விடாமல் கதை போய்விடும் என்று டைம்கீப்பருக்குத் தெரிந்தது. போகட்டும்.

மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

"சொந்தக்காரருக்காக இப்ப மாத்திச் சொல்றீங்களோன்னு தோணுது. அவரே ஒத்துக்கிட்டார்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒத்துக்கிட்டான் மேடம்."

"செய்யாததை ஒருத்தர் எதுக்கு ஒத்துக்கணும்?"

அதற்குச் சொல்ல எத்தனையோ பதில் இருந்தது. அவனுக்கு வெகுளி மனசு என்று சொல்லலாம். எனக்குக் காய்ச்சல், காதில் சரியாக விழவில்லை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் சந்தேகத்தில் ஒரு துளி மச்சினன் மேல் தங்கிவிடும், ஸ்டோர் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். முதல் தடவையாக அவரிடம் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அது எவ்வளவு நேரம் என்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பயந்து, மேடம்" என்றார். "நான் என் பொண்டாட்டியைக் கேள்வி கேட்டு நிறுத்தி வச்சிருந்தேன். அவளை விட்டாப் போதும்னு அவன் பழியை ஏத்துக்கிட்டான்."

உதட்டைக் கடித்த டிரைவர் சுவரைப் பார்க்கத் தொடங்கினான். கிளார்க் எதையோ தேடுவதுபோல் மேஜையறையை இழுத்தார். யாராவது சிரித்திருந்தால் தேவலாம் என்று டைம்கீப்பருக்கு இருந்தது. மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டுலயுமா?" என்று கேட்டார்.

டைம்கீப்பர் தலை குனிந்தார்.

மேனேஜர் முன்னால் இருந்த தாளை எடுத்து ஓரமாக வைத்தார். "திங்கட்கிழமை அவரை வந்து சேரச் சொல்லுங்க. ஸ்டோர் வேலைதான்." டைம்கீப்பர் கைகூப்பிவிட்டுத் திரும்பியபோது, பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டார். குரலில் கடுமை இல்லை.

"நீங்க கூட்டிட்டு வர வேண்டாம். அவரே தனியா வரட்டும்."

"சரி மேடம்" என்றார் டைம்கீப்பர்.